கோல் ஏந்திய ஆசான்

மேடையிலே எண்பது தொண்ணூறு கலைஞர்கள் அமர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஓர் இசைக்கருவி இருக்கிறது. அவர்களுக்கு எதிரே, அவையோருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நிற்கிறார். அவர் கையில் இருப்பது ஒரு சிறு கோல். மீட்டினால் அது ஒலிக்காது, ஊதினால் இசைக்காது. அந்த மேடையில் ஓசையே எழுப்பாதவர் அவர் ஒருவர்தாம். ஆயினும் இசை முடிந்ததும் அவையோர் அவரை நோக்கியே கைதட்டுகிறார்கள். இஃது என்ன விந்தை என்று, மேனாட்டு இசையரங்கை முதன்முறை காணும் நம்மவர் திகைப்பதுண்டு.

அவரை ஆங்கிலத்தில் 'கண்டக்டர்' என்பர். வில்லியனூர்ப் பேருந்தில் சீட்டுக் கொடுப்பவருக்கும் அதுதானே பெயர் என்று மாணவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பிலும் ஓர் உண்மை உண்டு. வண்டியை ஓட்டுபவர் வேறொருவர். ஆனால் எங்கே நிற்பது, எப்போது புறப்படுவது என்று சீழ்க்கை ஊதுபவர் இவர். இசை நடத்துநரின் நிலையும் ஏறத்தாழ அத்தகையதே.

அத்தகைய ஒருவரின் வரலாற்றை மாணவச் செல்வங்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் மெஹ்லி மேத்தா. 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். 2002-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மறைந்தவர். அவருடைய மூத்த மகன் ஜூபின் மேத்தாவை உலகம் நன்கு அறியும். மகனை அறிந்த அளவுக்குத் தந்தையை அறியாது. எனக்கோ தந்தையின் வாழ்வே மாணவர்கள் கற்கத் தக்கதாகப் படுகிறது. ஓசை எழுப்பாத ஒரு கலையின் பயன் கடைசியில் எங்கே சென்று தங்குகிறது என்னும் வினாவுக்கு அவ்வாழ்வு விடை கூறுகிறது.

வாழ்வைச் சொல்லுமுன் தொழிலைச் சொல்ல வேண்டும். நம் கச்சேரி மேடையில் பாடகர் நடுவில் அமர்கிறார். ஒருபுறம் வயலின், மறுபுறம் மிருதங்கம், பின்னே தம்புரா. நால்வரோ ஐவரோதாம் இருப்பர். ஒருவர் முகத்தை ஒருவர் காண்பர். இராகத்தை விரிப்பதும், நிரவல் செய்வதும், சுரம் பாடுவதும் அவ்வப்போது உள்ளத்தில் ஊறும் மனோதர்மம். தாளம் பாடகரின் தொடையிலேயே இருக்கிறது. அங்கே கோல் ஏந்துவோருக்கு வேலை இல்லை.

மேனாட்டு ஆர்க்கெஸ்ட்ராவின் இயல்பு வேறு. பல கருவிகள் கூடி ஒலிப்பதைப் 'பல்லியம்' என்று நம் முன்னோர் வழங்கினர். அச்சொல்லையே நானும் இங்கு ஆள்கிறேன். மேனாட்டுப் பல்லியத்தில் வில் கொண்டு இழுக்கும் நரம்புக் கருவிகளே பெரும்பான்மை. வயலின்களில் முதற்பிரிவு, இரண்டாம் பிரிவு என இரண்டு; சற்றே பெரிய வயோலா; முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி வாசிக்கும் செல்லோ; ஆள் உயரத்தை விஞ்சும் டபிள் பாஸ். அடுத்து, புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் ஆகிய துளைக்கருவிகள். அவற்றின் பின்னே ஹார்ன், டிரம்பெட், டிராம்போன், டியூபா ஆகிய பித்தளைக் கருவிகள். எல்லாவற்றுக்கும் பின்னே முரசுகள். முதற்பிரிவு வயலின்காரர்களுக்கு ஒரு தலைவர் உண்டு. எந்தச் சுரத்துக்கு வில்லை மேலே தள்ளுவது, எந்தச் சுரத்துக்குக் கீழே இழுப்பது என்று அவர் வகுத்துக் கொடுப்பார். அவர் பிரிவின் வில்கள் அனைத்தும் நாற்று நடும் கைகள்போல் ஒரே சீராக அசைவது அவரால்தான்.

இத்தனை பேருக்கும் முன்னால் ஏன் ஒருவர் நிற்க வேண்டும்? எங்கள் மூலக்குளத்திலிருந்து மேற்கே சிறிது தொலைவு சென்றால் வில்லியனூர். அங்குள்ள திருக்காமீசுவரர் கோயிலில் வைகாசித் திங்களில் தேர்த் திருவிழா நடைபெறும். எந்தத் தேரோட்டத்திலும் வடம் பிடித்து இழுப்போர் பல நூற்றுவர். சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடுவோர் சிலர். தேருக்கு முன்னே, வடத்தைத் தொடாமல், துண்டை உயர்த்தி வீசியவாறு ஒருவர் செல்வார். வலப்பக்க வடம் முந்தினால் கைகாட்டித் தளர்த்துவார். இடப்பக்கம் தொய்ந்தால் குரல் கொடுத்து முறுக்குவார். வீதி திரும்பும் முனையில் எல்லோரையும் நிறுத்துவார். தேரை இழுத்தவர் யார் என்று கேட்டால் அவரை எவரும் சுட்ட மாட்டார்கள். ஆனால் அவர் இல்லையாயின் தேர் நிலைக்கு வந்து சேராது.

பல்லியத்தின் நடத்துநர் அத்தகையவர். ஒவ்வொரு கலைஞர் முன்னும் விரித்து வைத்த தாளில் அவரவர் கருவிக்கு உரிய சுரங்கள் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். நடத்துநர் முன் உள்ள ஏட்டில்தான் எல்லாக் கருவிகளின் வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். முழு இசையையும் ஒருசேரக் காண்பவர் அவர் ஒருவரே. இன்னொரு நுட்பமும் உண்டு. ஓசை பிறந்த பிறகு கோலை அசைத்துப் பயனில்லை. ஓசை பிறப்பதற்கு ஒரு தட்டு முன்னதாகவே கோல் உயர்ந்தாக வேண்டும். அந்த முன்னசைவிலேயே வேகமும் வன்மையும் மென்மையும் தெரிந்துவிட வேண்டும். இன்னும் ஒலிக்காத இசையைத் தம் உள்ளத்தில் முன்கூட்டியே கேட்டு, அதைப் பிறர் கைகளில் ஒலிக்கச் செய்வதே நடத்துநரின் கலை. சிந்தித்துப் பாருங்கள், நல்லாசிரியரின் தொழிலும் இதுவேயன்றோ?

இனி மெஹ்லி மேத்தாவின் வரலாற்றுக்கு வருவோம். அவர் இளைஞராக இருந்த காலத்தில், பம்பாயில் மேனாட்டுச் செவ்விசையைக் கேட்பதற்கே வாய்ப்பு அரிது. இசைத்தட்டுகளும், எப்போதேனும் கப்பலேறி வரும் வித்துவான்களுமே துணை. ஜாஷா ஹைஃபெட்ஸ் என்னும் வயலின் மேதையை அவர் தம் இலட்சியமாகக் கொண்டார். பெரும்பாலும் தம் முயற்சியாலேயே வயலின் பயின்றார். பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டத்தோடு, இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தகுதியையும் பெற்றார். குரு எங்கோ இருக்க, அவர் உருவை நெஞ்சில் நிறுத்தி வில் பயின்ற ஏகலைவன் கதையை நாம் அறிவோம். இவர் பயின்றது வேறு வகை வில்; ஆயினும் நிலைமை அதுவே.

வயலின் நம் நாட்டுக்கு அப்போது புதியதன்று. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) சென்னையில் ஐரோப்பிய வயலின் கலைஞரிடம் அதைக் கற்றுக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார் என்று இசை வரலாறு கூறும். மேனாட்டுக் கருவி ஒன்று ஒரு தலைமுறைக்குள் நம் வீட்டுப் பிள்ளையாயிற்று. ஆனால் பல்லியம் அவ்வாறு வந்து சேரவில்லை. காரணம் வெளிப்படை. ஒரு கருவியை ஒருவர் தனியே கற்று வந்துவிடலாம். பல்லியத்தை எவரும் தனியே கொண்டுவர இயலாது. அதற்கு ஓர் ஊரே கூட வேண்டும். ஓபோ வாசிப்பவர் ஒருவர் இல்லையெனினும் பாதிப் பக்கம் வெறுமையாகிவிடும்.

அந்த ஊரைக் கூட்டும் பணியைத்தான் மெஹ்லி மேத்தா மேற்கொண்டார். 1935-ஆம் ஆண்டில் பம்பாய் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவைத் தோற்றுவித்தார். பெல்சிய நாட்டினரான ழூல் கிரேன் அதனை நடத்தினார். மெஹ்லி மேத்தா வயலின் பிரிவின் தலைவராக அமர்ந்தார். 1940-இல் நால்வர் கூடி வாசிக்கும் பம்பாய் நரம்பிசைக் குழுவையும் அமைத்தார். பல்லியத்தில் சேர்ந்தவர்கள் யார்? இசையை ஆர்வத்தால் கற்ற பார்சிகள். கோவாவின் தேவாலயப் பள்ளிகளில் சுரம் படிக்கக் கற்று, ஓட்டல்களிலும் திரைப்பட நிலையங்களிலும் வாசித்து வாழ்ந்த கோவாக்காரர்கள். பித்தளைக் கருவிகளுக்குக் கடற்படை வாத்தியக் குழுவினர். ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய சிலர். பகலெல்லாம் வேறு தொழில், மாலையில் ஒத்திகை. அவருடைய வீட்டுக் கூடமே பெரும்பாலும் ஒத்திகைக் கூடமாயிற்று. 1936-இல் பிறந்த ஜூபினும், 1938-இல் பிறந்த இளைய மகன் ஜரினும் தாலாட்டைப் போலவே அந்த ஒத்திகைகளைக் கேட்டு வளர்ந்தனர்.

பத்தாண்டுகள் இவ்வாறு சென்றன. பம்பாயில் மேனாட்டு இசை என்றால் மெஹ்லி மேத்தாவின் பெயரே முன்னிற்கும் நிலை உண்டாயிற்று. வேறொருவராயின் அந்தப் புகழோடு அமைந்திருப்பார். இவரோ 1945-இல் நியூயார்க்குக்குப் புறப்பட்டார். அங்கே ஐவன் கலமியன் என்ற வயலின் ஆசிரியரிடம் மாணவராகச் சேர்ந்தார். பிற்காலத்தில் இட்ஸாக் பெர்ல்மன், பிங்கஸ் சூக்கர்மன் போன்ற மேதைகளை உருவாக்கியவர் அந்தக் கலமியன். அவர் பிறந்தது 1903-இல். மாணவரைவிட ஐந்தாண்டே மூத்தவர். மாணவருக்கோ 37 வயது நிறையும் ஆண்டு அது. மனைவி தெமினாவும் இரு சிறுவர்களும் பம்பாயில் இருந்தனர். 1949-இல் அவர் திரும்பி வரும்வரை நான்காண்டுகள் அந்தப் பிள்ளைகள் தந்தையின் முகத்தைக் காணவில்லை.

இதை நான் புகழ்ச்சியாக மட்டும் சொல்லவில்லை. அந்த நான்காண்டுகளின் விலையைக் கொடுத்தவர்கள் வீட்டில் இருந்தவர்கள். நல்ல ஆசிரியர் ஒருவர் ஊரில் இல்லையெனின், கற்க விரும்புபவன் வீட்டைத் துறந்து செல்ல நேர்கிறது. அந்த இழப்பை நேரில் அறிந்தவராதலின், பின்னாளில் பிறர்பால் அது நேராதவாறு தம் நாள்களைச் செலவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

திரும்பி வந்தவர் பம்பாயில் நடத்துநரின் கோலையும் ஏந்தினார். 1952-இல் வயலின் மேதை யெஹுதி மெனுஹின் இந்தியாவுக்கு வந்தார். அப்போது ஓர் ஒத்திகையில் பல்லியத்தை நடத்தும் பொறுப்பு இளம் ஜூபினுக்குக் கிடைத்தது. மருத்துவம் பயிலத் தொடங்கியிருந்த அந்த இளைஞர், அதை விடுத்து, 1954-இல் வியன்னா சென்று ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் நடத்துநர் கலையைக் கற்றார். மறு ஆண்டு, 1955-இல், தந்தையும் நாட்டை விட்டுப் புறப்பட்டார். இசையையே தொழிலாகக் கொண்டு மாத ஊதியம் பெறும் நிலையான பல்லியம் ஒன்றை அன்றைய பம்பாயால் தாங்க இயலவில்லை. அவர் நீங்கிய பின் அவர் தொடங்கிய பல்லியமும் நெடுநாள் நிலைக்கவில்லை.

47 வயதில் அவர் சென்று சேர்ந்த இடம் இங்கிலாந்தின் மாஞ்செஸ்டர் நகரம். 1858-இல் தொடங்கப்பெற்ற புகழ்மிக்க ஹாலே ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின் கலைஞராக அமர்ந்தார். சொந்த ஊரில் பல்லியத்தின் நிறுவனர். இங்கே பலருள் ஒருவர். எதிரே கோலுடன் நின்றவர் ஜான் பார்பிரோலி. இவர் 1943-இல், போரினால் கலைஞர் பலர் நீங்கியிருந்த நிலையில் அந்தப் பல்லியத்தை ஏற்று, கிடைத்தவர்களைச் சேர்த்துச் சில வாரங்களில் மீண்டும் உருவாக்கியவர். அவர் சேர்த்தவர்களுள் பள்ளி மாணவரும் இருந்தார். முதிர்ந்தவரைத் தேடிக் காத்திராமல், இருப்பவரை முதிரச் செய்வதும் நடத்துநர் கடமை என்பதற்கு அந்த வரலாறு ஒரு சான்று. 1959-இல் மெஹ்லி மேத்தா அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்குச் சென்று, கர்ட்டிஸ் நால்வர் குழுவில் இரண்டாம் வயலின் வாசித்தார். பம்பாயில் முதல் வயலின். பிலடெல்பியாவில் இரண்டாம் வயலின். இரண்டாம் வயலின் என்றால் தாழ்வு என்று எண்ண வேண்டா. முதல் வயலின் பாடும்போது அதன் அடியில் நின்று தாங்குவது அது. ஆயினும் அந்த இருக்கையை 50 வயதுக்கு மேல் மனமுவந்து ஏற்க ஒரு பக்குவம் வேண்டும்.

ஜூபின் 1962-இல், 26 வயதிலேயே, லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவின் இசை இயக்குநரானார். 1964-இல் பெற்றோரும் அந்நகரில் குடியேறினர். மகன் பெரும் புகழோடு விளங்கும் நகரில், 55 வயது கடந்த தந்தை ஓய்வாக அமர்ந்து மகனின் கச்சேரிகளைக் கேட்டுக்கொண்டிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவருடைய வாழ்வின் பெரும்பணி அப்போதுதான் தொடங்கியது. லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பல்லியப் பயிற்சியின் பொறுப்பை ஏற்று 1976 வரை பணி செய்தார். 1964-இலேயே 'அமெரிக்கன் யூத் சிம்பொனி' என்ற இளைஞர் பல்லியத்தையும் தொடங்கினார்.

இளைஞர்களுக்கென்று தனிப் பல்லியம் எதற்கு? வயலினைத் தனியே கற்றுத் தேர்ந்த ஓர் இளைஞனைப் பல்லியத்தில் அமர்த்தினால், முதல் நாள் அவன் தடுமாறுவான். தனித்து வாசிக்கும்போது தன் ஓசை எடுப்பாகக் கேட்க வேண்டும் என்பது பயிற்சி. இங்கே தன் ஓசை அடுத்தவர் ஓசையில் கரைந்துவிட வேண்டும். தனித்து வாசிப்பவன் தன் வேகத்தில் செல்லலாம். இங்கே காது அண்டையில் இருப்பவர்மீதும், கண் ஏட்டின்மீதும், ஓரப்பார்வை கோலின்மீதும் இருக்க வேண்டும். மூன்றாவது கலை எல்லாவற்றிலும் கடினமானது. அது சும்மா இருக்கும் கலை. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் டிராம்போன்கள் முதல் மூன்று பகுதிகள் முழுவதும் ஒலிப்பதே இல்லை. நான்காம் பகுதி தொடங்கும் அந்தக் கணத்தில் அவை பிழையின்றி முழங்க வேண்டும். அதுவரை எண்ணிக்கொண்டும் கேட்டுக்கொண்டும் காத்திருக்க வேண்டும். இவற்றை வீட்டில் ஆசிரியரிடம் தனியாகக் கற்க இயலாது. பெரிய பல்லியங்களோ கற்றுத் தேர்ந்தவரைத்தான் சேர்க்கும். கற்பதற்கு இடமில்லை, கல்லாதவருக்கு வேலை இல்லை. அந்த இடைவெளியில் மெஹ்லி மேத்தா ஒரு பாலம் கட்டினார்.

தேர்வு வைத்து இளைஞர்களைச் சேர்த்தார். எளிய பாடல்களைக் கொடுத்து அவர்களைச் சிறுவர்களாக நடத்தவில்லை. முதிர்ந்த பல்லியங்கள் வாசிக்கும் பெருஞ்சிம்பொனிகளையே அவர்கள் முன் வைத்தார். பல்கலைக்கழகத்தின் ராய்ஸ் மண்டபத்தில் பொதுமக்கள் கட்டணமின்றிக் கேட்க அவர்கள் வாசித்தனர். தாம் கலமியனிடம் கற்ற வில் பயிற்சியும், ஹாலேயில் பலருள் ஒருவராக இருந்து அறிந்த ஒழுங்கும், நால்வர் குழுவில் பழகிய செவிக்கூர்மையும் அந்த ஒத்திகைகளில் பயன்பட்டன. அவர் அமர்ந்த ஒவ்வோர் இருக்கையும் அவருக்கு ஒரு பாடமாக இருந்தது. அந்தப் பாடங்களையெல்லாம் சேர்த்து இளைஞர்களுக்குக் கொடுத்தார்.

இத்தகைய பணியில் ஒரு துயரம் உண்டு. மற்றப் பல்லியங்கள் ஆண்டுக்கு ஆண்டு முதிர்கின்றன. இளைஞர் பல்லியம் முதிர்வதே இல்லை. நன்றாகத் தேறியவன் வேலை கிடைத்துச் சென்றுவிடுகிறான். அவன் இருக்கையில் புதியவன் ஒருவன் வந்து அமர்கிறான். நடத்துநர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார். பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் இந்நிலையை அறிவர். ஒவ்வோர் ஆனியிலும் வகுப்பில் அதே வயதுப் பிள்ளைகள் இருப்பர். ஆசிரியருக்கு மட்டுமே வயது ஏறிக்கொண்டிருக்கும். மெஹ்லி மேத்தா 33 ஆண்டுகள் இவ்வாறு தொடங்கிக்கொண்டே இருந்தார். 1998-இல் விடைபெற்றபோது அவருக்கு 90 வயது நெருங்கியிருந்தது. அவரிடம் பயின்றவர்கள் அமெரிக்காவின் பெரும் பல்லியங்களிலும், ஹாலிவுட் திரைப்பட இசைக் குழுக்களிலும் இடம்பெற்றனர். அவருக்குப் பின், லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபில்ஹார்மோனிக்கின் வயலின் பிரிவுத் தலைவராக இருந்த அலெக்சாண்டர் ட்ரெகர் அப்பணியை ஏற்று நடத்தினார்.

அந்த இளைஞர் பல்லியமும் 2024-ஆம் ஆண்டில் தன் பணியை நிறுத்திக்கொண்டது. ஆக, அவர் பம்பாயில் தோற்றுவித்த பல்லியமும் இன்று இல்லை. அமெரிக்காவில் தோற்றுவித்ததும் இல்லை. கட்டடம் கட்டியவருக்குக் கட்டடம் எஞ்சும். நூல் எழுதியவருக்கு நூல் எஞ்சும். காற்றிலே கோல் வீசியவருக்கு என்ன எஞ்சும்? தொடக்கத்தில் நான் கூறிய வினா இதுவே.

எஞ்சுபவர்கள் மாணவர்கள். 33 ஆண்டுகளில் அந்த இருக்கைகளில் அமர்ந்து எழுந்தவர்களின் கைகளில் அவர் வகுத்த வில் அசைவு இருக்கிறது. அவர்களுள் ஆசிரியரானவர்கள் அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறார்கள். மெஹ்லி மேத்தாவின் பெயரால் 1995-இல் பம்பாயில் ஓர் இசை அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அது குழந்தைகளுக்கு மேனாட்டு இசையைக் கற்பிக்கிறது. 2006-இல் அதே நகரில், தேசிய நிகழ்த்துகலை மையத்தில், 'சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா' உருவாயிற்று. அதன் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலான இருக்கைகளில் அயல்நாட்டுக் கலைஞர்களை அமர்த்த வேண்டியிருந்தது. பின்னர் அவர்கள் செய்தது என்ன? நம் நாட்டுச் சிறுவர்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். பணத்தால் மண்டபம் கட்டலாம், கருவிகள் வாங்கலாம். ஓபோ வாசிக்கும் நம்மூர்ப் பெண் ஒருத்தியை உருவாக்க ஆசிரியரும் பத்தாண்டுக் காலமும் வேண்டும்.

இது பம்பாய்க்கு மட்டும் உரிய செய்தி அன்று. நம் வானொலி 1952-இல் டில்லியில் தேசிய வாத்திய விருந்தாவை அமைத்தபோது, இந்துஸ்தானி இசைக்கு ரவி சங்கரும், கருநாடக இசைக்கு டி. கே. ஜயராம ஐயரும் பொறுப்பேற்றனர். மனோதர்மத்திலே ஊறிய வித்துவான்களை எழுதிய சுரத்துக்குக் கட்டுப்பட்டுக் கூடி வாசிக்கச் செய்தது, நடத்துநர் பணியும் ஆசிரியர் பணியும் சேர்ந்த செயலாகும். சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் என்பவர் பல இளைஞர்களுக்கு மேனாட்டு இசைக்குறிப்பை எழுதவும் படிக்கவும் கற்பித்தார். அவரிடம் கற்றவர்களுள் ஒருவர் இளையராஜா. 2025-ஆம் ஆண்டு மார்ச்சு 8-ஆம் நாள் இலண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது மேடையில் நிறைந்த பல்லியத்தை உலகம் கண்டது. சென்னையில் ஒரு சிறிய அறையில் சுரம் எழுதக் கற்றுக்கொடுத்த ஆசிரியரை எத்தனை பேர் நினைத்திருப்பர்?

நினைக்க வேண்டிய முறையை நமக்கு இளங்கோவடிகள் காட்டியிருக்கிறார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி உடனே மேடைக்கு வந்துவிடுவதில்லை. அவள் ஏழாண்டுகள் பயின்றாள் என்று கூறிய அடிகள், அடுத்து ஆடல் ஆசான், இசை ஆசான், புலவன், தண்ணுமை ஆசான், குழல் ஆசான், யாழ் ஆசான் ஆகியோரின் இயல்புகளை ஒவ்வொன்றாக விரிக்கிறார். பின்னரே அரங்கின் அமைப்பு. பின்னரே குழலைத் தொடர்ந்து யாழும், யாழைத் தொடர்ந்து தண்ணுமையும், அதைத் தொடர்ந்து முழவும் ஒன்றுகூடி ஒலிக்கும் காட்சி. ஆடியவளின் பெயரை நாம் அறிவோம். ஆசான்மாரின் பெயர்களைக் காவியம் சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்குரிய இடத்தை முன்னே வைத்திருக்கிறது.

மாணவர்களே, வானொலியில் பல்லிய இசை ஒலிக்கும்போது கூர்ந்து கேளுங்கள். வயலின் கேட்கும்; குழல் கேட்கும்; முரசு கேட்கும். கோல் ஏந்தியவர் மட்டும் கேட்க மாட்டார். அரங்கிலாவது அவருடைய முதுகைக் காணலாம். வானொலியில் அதுவும் இல்லை. ஆனால் எல்லா வில்களும் ஒரே மூச்சாய்த் தொடங்கும் அந்தக் கணத்துக்கு ஒரு தட்டு முன்னே, சிறிய மௌனம் ஒன்று இருக்கும். அந்த மௌனத்தில்தான் அவருடைய கோல் உயர்கிறது. அதற்கும் முன்னே, எங்கோ ஒரு கூடத்தில், பல்லாண்டுகள் நடந்த ஒத்திகை இருக்கிறது.